விகுதி

ஹூராவில் ஓர் ஓட்டல், மூன்றாம் மாடி.
ஜன்னலில்லாத கூடத்தில்
ராத்திரி ஒன்பதிலிருந்து இரண்டு வரை
ஒலிப்பலகை முன்னால் உட்கார்ந்திருப்பேன்.
வியாழனென்றால் பாலம் தாண்டிக் கார்கள் வரும்,
சத்தத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.
மற்ற நாட்களில் பாடுகிறவர்கள், நான்,
கிளாஸைத் துடைத்ததையே துடைக்கும் பிரமோத்.

எல்லாம் என் அப்பா பிறக்கும் முன்பே
அமெரிக்காவில் யாரோ அழுது முடித்த பாட்டுகள்.
அவற்றில் பேபி போய்க்கொண்டே இருக்கும்.
ரயிலேறிப் போகும். மழையில் போகும்.
கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகும்,
எழுதாமலும் போகும்.
முதல் மாதம் எண்ணிப் பார்த்தேன்,
ஒரு ராத்திரிக்குப் பதினோரு பேபி.

தவமணியிடம் போனில் சொன்னபோது
"யார் குழந்தை?" என்று பதறினாள்.
குழந்தையில்லை, காதல், என்றேன்.
"அப்போ போனாளா, போனானா?"
தெரியவில்லை.
அந்த பாஷையில் வினைச்சொல்
ஆளைக் காட்டிக்கொடுப்பதில்லை.
"அப்படீன்னா போச்சுன்னு வச்சுக்க.
கரண்டு போச்சு, பஸ்ஸு போச்சு, பேபி போச்சு."
அன்று கார்டில்
சிரிப்புக்கு மட்டும் எண்ணூறு ஃபில்ஸ்.

ஜோசலின் பாடுவாள், இலோய்லோக்காரி.
மனசு உடைகிற பாட்டென்றால்
மைக்கை உதட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள்.
கிட்டே வைத்தால் பொய் கேட்டுவிடும் என்பாள்.
ஊரிலிருந்து அந்த ஃபேக்ஸ் வந்த ராத்திரி
(புருஷன் வேறு வீடு பார்த்துக்கொண்டான்)
பாட்டு வரிசையை மாற்றச் சொன்னாள்.
வேகமானவை மட்டும்,
கிடாரில் மூன்றே பிடியில் முடிகிற
குதித்தாடும் பழைய ராக் பாட்டுகள்.
தமாமிலிருந்து வந்த ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார்.
ஊசி சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தது.
நான் குறைக்கவில்லை.

கைதானோ, சாக்ஸபோன்.
மட்காவ்காரன். எனக்கு முப்பத்தைந்து தினார் தர வேண்டியவன்.
அவன் ஊதுவதில் சொல் கிடையாது.
தெரிந்த மெட்டில் தொடங்கி
நடுவில் எங்கோ போய்விடுவான்.
எங்கே போகிறாய் என்று கேட்டேன் ஒருநாள்,
எனக்குத் தெரிந்த இந்தியில்.
"கடைக்கு.
வேறு தெரு வழியாகத் திரும்புகிறேன், அவ்வளவுதான்."
சில ராத்திரி திரும்ப வெகுநேரம் ஆகும்.
டிரம்மர், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
விழித்திருக்கிறவர்போல
பிரஷ்ஷால் தடவிக்கொண்டே இருப்பார்.

இரண்டு மணிக்கு மேல் பின்பக்கப் படிக்கட்டில்
ஈரானி அடுப்பு ரொட்டியை மூன்றாகக் கிழிப்போம்.
பெரிய துண்டு எப்போதும் கைதானோவுக்கு.
அதில் எனக்குப் புகாரில்லை
என்று இப்போது எழுதுகிறேன்.
அப்போது இருந்தது.

பிறை தெரிந்தால் ஒரு மாதம் பாட்டில்லை.
அந்த வருஷம் நிர்வாகம்
ஒப்பந்தத்தையும் சேர்த்து முடித்துக்கொண்டது.
ஜோசலினுக்கு துபாயில் இடம் கிடைத்தது.
கைதானோவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது.

கடைசி ராத்திரி கேட்டவர்கள் எட்டுப் பேர்,
அதில் இருவர் பில்லுக்காகக் காத்திருந்தவர்கள்.
மெதுவான பாட்டொன்றில் கைதானோ கடைக்குப் போனான்.
ஒரு சந்து, இன்னொரு சந்து,
பூட்டிய கடைகள் ஒவ்வொன்றாய்,
ஈரக்காற்று.
மெட்டுக்குத் திரும்பவேயில்லை.
எங்கோ ஒரு முக்கில் நின்று
வாயிலிருந்து எடுத்துவிட்டான்.
டிரம்மர் மட்டும்
இன்னும் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

கடனைப் பற்றி அவன் பேசவில்லை.
நானும் எடுக்கவில்லை.

பலகையைத் துடைத்து மூடச் சொன்னார்கள்.
ஒவ்வொரு குமிழுக்குக் கீழும் வெள்ளை டேப்பில்
என் கையெழுத்து, தமிழில்.
'ஜோ'வை உரித்தேன். 'டிரம்'மை உரித்தேன்.
நாலாவதில் 'கை'.
அதன்மேல் உறையை இழுத்து மூடினேன்.

கீழே தெருமுனை போனில் தவமணி.
"என்ன, இன்னைக்கும் பேபி போச்சா?"

போனான், என்றேன்.

கார்டில் அறுநூறு ஃபில்ஸ் மிச்சமிருந்தது.
இரண்டு பேரும் பேசாமலே
அதைச் செலவழித்தோம்.